கன்டினியூட்டி போயிடும்

கட் சொன்ன பிறகும் அம்மா எழுந்திருக்கவில்லை. நடந்தது அவ்வளவுதான், மேடம். மற்றதெல்லாம் ஆளாளுக்குச் சொல்கிற கதை. டைரக்டர் கட் சொன்னார், கை தட்டினார், அவர் தட்டியதால் எல்லோரும் தட்டினார்கள். "அந்தம்மா அசையவே இல்ல பாத்தியா, அதான்யா ஆர்ட்டிஸ்ட்டு" என்று மைக்கில் சொன்னார். பாடையில் படுத்திருந்த அம்மா அதற்கும் எழுந்திருக்கவில்லை.

உட்காருங்க. அந்தப் பக்கம் பெஞ்சு ஈரம், இப்படி வாங்க. உள்ளே ஒருத்தரைத்தான் விடுவார்கள், இப்போது அதுவும் இல்லை. மூன்றாவது குளுக்கோஸ் பாட்டில் ஏறுகிறது. கண் திறந்ததா என்றால் திறந்தது, ஆனால் ஆள் அடையாளம் தெரியவில்லை என்று டாக்டர் சொல்கிறார். சிறுநீர் போனால்தான் கிட்னியைப் பற்றி ஏதாவது சொல்ல முடியுமாம். "அதுவரைக்கும் நான் என்ன பண்றது?" என்று கேட்டேன். "வழியில நிக்காம இரு" என்றார்.

நீங்க நாலு மணிக்கு வீட்டுக்கு வருவதாக இருந்தது எனக்குத் தெரியும். "சினிமா, நாடகம், கச்சேரின்னு வேல செய்றவங்க யார் யாரு, எப்படி வேல பாக்குறாங்கன்னு கேட்டு எழுத ஒரு மேடம் வராங்கடா, வீட்டப் பெருக்கி வை" என்று நேற்றே சொன்னாள். இன்றைக்கு அரை நாள் வேலைதான் என்று நம்பிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டில் விசாரித்துக்கொண்டு இவ்வளவு தூரம் வந்துட்டீங்க. வந்தது வீணாக வேண்டாம். என்னிடம் கேளுங்க. நானும் அதே வேலைதான்.

நான் பொய் சொல்ல மாட்டேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெயர் கெவின். வயது பதினேழு. படிப்பு பதினொன்றாம் வகுப்பு, பாதியில் நின்றேன். காரணம் எழுத வேண்டுமா? பிடிக்கவில்லை என்று எழுதுங்க. குடும்பச் சூழ்நிலை என்றெல்லாம் போடாதீங்க. அம்மா படிடா படிடா என்று காலில் விழாத குறை. எனக்குத்தான் பிடிக்கவில்லை.

அம்மா பெயர் எஸ்தர். நாற்பத்தாறு வயது. தொழில் துணை நடிகை. உங்க தாளில் அப்படித்தான் அச்சடித்திருக்கிறது. நாங்கள் க்ரவுட் என்போம். இருபத்தோரு வருடமாக க்ரவுட். சம்பளத்தை அப்புறம் கேளுங்க, அது எல்லோரும் கேட்பதுதான். ஆனால் உங்க தாளில் ஒரு கட்டம் குறைகிறது. ரிச் க்ரவுட்டா, லோக்கல் க்ரவுட்டா? அது இல்லாமல் நீங்க என்ன எழுதினாலும் தப்பாகத்தான் வரும்.

சிரிக்காதீங்க. நிஜமாகவே அப்படித்தான் பிரிப்பார்கள். மனோகர் அண்ணன் என்று ஏஜென்ட், படத்துக்கு ஆள் கொண்டுபோய் விடுகிறவர். காலையில் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். தக்காளி பொறுக்குகிற மாதிரிதான். நீ லோக்கல், நீ லோக்கல், நீ ரிச். கலரைப் பார்ப்பார், பல்லைப் பார்ப்பார், கடைசியாகச் செருப்பைப் பார்ப்பார். லோக்கலில் முக்கால்வாசி பொம்பளைகள், நாற்பது தாண்டியவர்கள். பாதிப் பேருக்குப் புருஷன் இல்லை, மீதிப் பேருக்கு இருந்தும் இல்லை. ரிச்சில் எல்லாம் சின்ன வயசு. காலேஜ் பையன்கள், ஜிம்முக்குப் போகிறவன், மாடலிங் கனவு காண்கிறவள். அவர்களுக்கு ஷாமியானா உண்டு, ஃபேன் உண்டு, சாப்பாடு முதல் பந்தி. லோக்கலை வெயிலிலேயே உட்கார வைப்பார்கள். கேட்டால் "கறுத்தா நல்லதுதானே, மேக்கப் மிச்சம்" என்பார்கள்.

நான் அப்பா கலர். அந்த ஆள் எனக்கு விட்டுவிட்டுப் போனது அது ஒன்றுதான்.

போன வருடம் சும்மா அம்மாவோடு வேனில் ஏறினேன். மனோகர் அண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எஸ்தரு, இது உன் புள்ளையா? வெளிய சொல்லாத, யாரும் நம்ப மாட்டான்" என்றார். வேனே சிரித்தது. அம்மாவும் சிரித்தாள். அன்றைக்கே எனக்குக் கோட்டு மாட்டி ரிச்சில் நிறுத்திவிட்டார். "ஒரே ஒரு கண்டிஷன்டா கெவினு. செட்டுல அம்மா கிம்மான்னு போய் ஒட்டாத. ரிச்சு பையன் எதுக்குடா லோக்கல் கூட குந்திகினு இட்லி துன்றான்னு டைரக்டர் கேட்டா ரெண்டு பேருக்கும் வேல போயிடும்."

அம்மா அதற்கு மேல். "என்னப் பாக்கவே பாக்காத. எதிர்ல வந்தா யாரோ எவரோன்னு போயிட்டே இரு. நீ அந்தப் பக்கமே இருந்துக்க, அங்கதான் ஃபேன் இருக்கு" என்றாள். அவள் சொன்னது, மேடம். நானாகக் கண்டுபிடித்தது இல்லை. இதை எழுதிக்கோங்க. எழுதிட்டீங்களா?

ஒரு வருடம் நன்றாகத்தான் போனது. ரிச் பையன்கள் "வீடு எங்க ப்ரோ?" என்று கேட்பார்கள். அண்ணா நகர் என்பேன். அது பொய்யில் சேராது, வேலையில் சேரும். ஒரு தடவை சாப்பாட்டு வரிசையில் அம்மா எனக்குப் பின்னால் நின்றாள். "தம்பி, கொஞ்சம் தள்ளுப்பா" என்றாள், அசல் யாரோ மாதிரி. நானும் தள்ளினேன். வீட்டுக்கு வந்து இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். "நீ என்னாடா அப்படி மொறைக்கிற, நெஜமாவே பணக்காரன் கணக்கா" என்றாள். அப்படி ஜாலியாகத்தான் இருந்தது.

நர்ஸ் கூப்பிடுகிறார்களா? இல்லை, அது வேறு எஸ்தருக்கு... இல்லையே, எஸ்தர் என்றுதான்... ம், கன்னியம்மா அக்கா போகிறார்கள். பரவாயில்லை. ஒருத்தர் போனால் போதும். மாத்திரைச் சீட்டாக இருக்கும். அவர்களும் லோக்கல் க்ரவுட்தான், அம்மாவோடு பத்துப் பன்னிரண்டு வருடம். மத்தியானத்திலிருந்து என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வாட்ச்மேனுக்குக்கூட டீ வாங்கிக் கொடுத்தார்கள், எனக்கு இல்லை. டென்ஷனில் இருப்பார்கள்.

என்ன சொன்னேன்? அம்மாவின் வேலை. அவளுக்கு க்ரவுட்டில் தனிப் பெயர் உண்டு. பொணம் எஸ்தர். எந்தப் படத்தில் சாவு என்றாலும் "எஸ்தரக் கூப்புடு" என்பார்கள் ஏஜென்ட்கள். மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் இமை ஆடாது. மூச்சை அடிவயிற்றுக்குக் கீழே இறக்கிவிடுவாள், நெஞ்சு ஏறி இறங்காது. வீட்டில் பாயைப் போட்டுப் படுத்து ரிகர்சல் பார்ப்பாள். வாட்ச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்வது என் வேலை. சின்ன வயசிலிருந்தே. "ஹீரோயினுக்கு அழத் தெரியும். சாகத் தெரியுமா?" என்பாள். பாஸ்டர் வீட்டு அம்மா ஒருநாள், "ஜீவனோட இருக்கறவ இப்படிப் படுக்கலாமா எஸ்தர்?" என்று கேட்டதற்கு, "ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துல நீங்க உக்காந்தபடியே படுக்கறீங்க, அதுக்கு இது தேவலைங்க" என்றாள். அப்படிப்பட்ட ஆள்.

இன்றைக்கு சீன் இது. கடற்கரைப் பக்கம் ஒரு பங்களா. முதலாளி வீட்டுத் தோட்டத்தில் பிறந்தநாள் பார்ட்டி நடக்கிறது. அவருடைய ஃபேக்டரியில் செத்துப்போன பொம்பளையை ஜனங்கள் பாடையோடு தூக்கிக்கொண்டு வந்து, நடுப் புல்தரையில் இறக்கிவைத்து நியாயம் கேட்கிறார்கள். ஹீரோவுக்கு நாலு பக்கம் வசனம். ஏழைகள் உயிர் என்றால் உங்களுக்கு எளக்காரமா, அந்த மாதிரி. சுற்றிலும் நாங்கள், ரிச் க்ரவுட், கையில் கலர் தண்ணீர் கிளாசோடு அதிர்ச்சியாக நிற்க வேண்டும். லோக்கல் க்ரவுட் கேட்டிலிருந்து பாடை வரைக்கும் வரிசையாக உட்கார்ந்து மாரடித்து அழ வேண்டும். எனக்குப் புல்லில் டேப் ஒட்டி இடம் குறித்திருந்தார்கள். எனக்கும் பாடைக்கும் நாலு அடி. ஒரு வருடத்தில் முதல்தடவையாக அம்மாவும் நானும் ஒரே ஃபிரேமில்.

பிணத்துக்கு ஒரு பொம்மை செய்துதான் கொண்டுவந்திருந்தார்கள். மூக்கு சரியில்லை என்று டைரக்டர் ஒதுக்கிவிட்டார். அந்தப் பொம்மையை ஷாமியானாவுக்குள் ஃபேனுக்கு முன்னால் படுக்க வைத்தார்கள். மெழுகாம், வெயிலில் வைத்தால் உருகிவிடுமாம். அம்மாவை வெயிலில் படுக்க வைத்தார்கள்.

ஒன்பதரை மணி. கத்திரி வெயில். வாய்க்கட்டு கட்டினார்கள், மூக்கில் பஞ்சு, நெற்றியில் காசு, கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்து ஒரு கட்டு. மேலே மாலைக்கு மேல் மாலை. நிவேதா என்று ஒரு அசிஸ்டன்ட் டைரக்டர் அக்கா. கெட்டவள் இல்லை. அவள்தான் பக்கத்தில் குந்தி, எந்தப் பூ எங்கே விழுந்திருக்கிறது என்று போனில் போட்டோ எடுத்துக்கொண்டாள். கன்டினியூட்டி என்பார்கள். முதல் ஷாட்டில் ஒரு பூ காதோரம் கிடந்தால் கடைசி ஷாட்டிலும் அங்கேயே கிடக்க வேண்டும். பூ நகரக்கூடாது என்றால் ஆள் நகரக்கூடாது. "நடுவுல எந்திரிச்சிடாதீங்கம்மா, கன்டினியூட்டி போயிடும்" என்றாள். வாய்தான் கட்டியிருக்கிறதே, அம்மா கைவிரலைத் தூக்கிச் சரி என்று காட்டினாள்.

குடிநீர் வசதி உண்டா? உண்டு. டிக் போடுங்க, கேன் கேனாக இருந்தது. அடுத்த கேள்வி என்ன, கழிப்பறையா? அதையும் உண்டு என்றே போடலாம். கேரவன் ஹீரோவுக்கு ஒன்று, ஹீரோயினுக்கு ஒன்று. நாங்கள் பங்களாவின் அவுட்ஹவுசுக்குப் போகலாம். லோக்கலுக்குப் பின்னால் சவுக்குத் தோப்பு. அங்கே லைட் ஆட்கள் பீடி பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அதனால் லோக்கல் பொம்பளைகள் வேலை நாளில் தண்ணீர் குடிக்கிறதே இல்லை. அம்மா காலையில் அரை டம்ளர் காப்பியோடு சரி. நீங்க இரண்டு கேள்வியையும் தனித்தனியாகக் கேட்டிருக்கீங்க, மேடம். சேர்த்துக் கேட்டால்தான் பதில் வரும்.

ஹீரோ வசனத்தை மறந்தார். ஏழாவது டேக்கில் வானத்தில் விமானம் போனது. எட்டாவதில் ஹீரோவுக்கு இருமல். அப்புறம் அவர் கேரவனுக்குள் போய் முக்கால் மணி நேரம் வரவில்லை. நாங்கள் ஷாமியானாவுக்குள் ஓடினோம். பாடை அங்கேயே இருந்தது. நிவேதா போய் ஒரு துண்டை விசிறினாள். வாய்க்கட்டைத் தளர்த்தி, "தண்ணி வேணுமாம்மா?" என்றாள். அம்மா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். ஒரு பூ விழுந்தது. நிவேதா போட்டோவைப் பார்த்து அந்தப் பூவை எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்தாள்.

பன்னிரண்டரை இருக்கும். டேக் போய்க்கொண்டிருக்கிறது. அம்மாவின் கால் விரல் ஆடியது.

கட்டியிருந்த இரண்டு கட்டைவிரலும் சேர்ந்து, இப்படி, இப்படி. நிறுத்தி மறுபடியும். மானிட்டரில் பார்த்துவிட்டு டைரக்டர், "யோவ், பொணம் டான்ஸ் ஆடுதுய்யா! எங்கேர்ந்துய்யா புடிச்சின்னு வந்தீங்க?" என்று மைக்கில் கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். என் பக்கத்தில் நின்றவன், "சாவு மேளம் கேட்ருக்கும் ப்ரோ" என்றான். நானும் சிரித்தேன். எல்லோரும் சிரிக்கும்போது ஒருத்தன் மட்டும் சிரிக்காமல் நின்றால் தெரிந்துவிடும்.

அம்மா எந்தப் படத்திலும் விரலை ஆட்டியதில்லை. வாட்ச் பிடித்தவன் நான்தானே, எனக்குத் தெரியாதா?

அதற்கப்புறம் ஆடவில்லை. ஒரு டேக், இரண்டு டேக், ஆடவே இல்லை. "இப்ப பாரு, சூப்பரு" என்றார் டைரக்டர். ஒன்றே கால் மணிக்கு ஹீரோ நாலு பக்கத்தையும் ஒரே மூச்சில் பேசி முடித்தார். அது என்னமோ நன்றாகத்தான் பேசினார், எனக்கே மயிர் கூச்செறிந்தது. கட். கைதட்டல். மயங்கிக் கிடந்தவளுக்குக் கை தட்டியிருக்கிறார்கள், மேடம். இந்த ஓகே ஆன ஷாட்டில் நடிப்பே இல்லை. உங்க தாளில் இதற்கு எங்கே எழுதுவீங்க?

கன்னியம்மா அக்காதான் ஓடி வந்தார்கள். அழுகிற வரிசையில் கடைசி ஆள், கேட்டுப் பக்கத்தில் இருந்தவர்கள், அங்கேயிருந்து மாராப்பு நழுவ ஓடி வந்து வாய்க்கட்டைப் பிய்த்து, பஞ்சைப் பிடுங்கி, மாலையை எல்லாம் அள்ளி எறிந்தார்கள். "எரியுதுடி ஒடம்பு, பாவிங்களா, எரியுதுடி" என்று கத்தினார்கள். நாலு பொம்பளைகள் பாடையோடு தூக்கினார்கள், நிஜச் சாவு மாதிரி. வேன் கிளம்பும்போது நானும் ஓடிப்போய் ஏறிக்கொண்டேன். அதான் இன்னும் இந்தக் கோட்டு. காஸ்ட்யூம் ஆள் எட்டுத் தடவை போன் அடித்துவிட்டார்.

வழியில் மனோகர் அண்ணன் என்னைத் தனியாக முன் சீட்டுக்கு இழுத்தார். "டாக்டரு கேட்டா சுகர் இருக்குன்னு சொல்லு. காலையில டிபன் துன்னாம வந்துச்சுன்னு சொல்லு. ஷூட்டிங் கீட்டிங்னு வாயத் தொறந்த, கேஸாயிடும், அப்புறம் கம்பெனியில நம்ம யாரையுமே கூப்பிட மாட்டான். அறுபது குடும்பம்டா."

இங்கே டாக்டர் கேட்டார்: "சுகர் இருக்கா?"

மனோகர் அண்ணன் என் தோளில் கையை வைத்து அழுத்தினார். நான் சொன்னேன்: "இல்ல சார். நாலு மணி நேரம் வாயக் கட்டி, காலக் கட்டி வெயில்ல போட்டிருந்தாங்க." டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். மனோகர் அண்ணன் கையை எடுத்தார். வெளியே வந்ததும், "உனக்கு இனிமே ரிச்சும் இல்ல, லோக்கலும் இல்ல. எந்த வேன்லயும் கால வைக்காத" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். போகட்டும். நான் பயப்படவில்லை. சொல்லச் சொன்ன பொய்யை நான் சொல்லவில்லை. இதைப் பெரிய எழுத்தில் எழுதிக்கோங்க, என் பெயரைப் போட்டே எழுதுங்க.

என்ன?

கேட்டுப் பக்கத்திலிருந்து ஒருத்தர் ஓடி வருகிற வரைக்கும், நாலு அடியில் இருந்த நீ என்ன செய்தாய் என்றா? அந்தக் கேள்வி உங்க தாளில் இருக்கிறதா? காட்டுங்க. இல்லையே. அப்புறம் எதற்குக் கேட்கறீங்க?

சரி. பொய் சொல்ல மாட்டேன் என்றேன் அல்லவா?

எத்தனை நேரம் இருக்கும், ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம். அதற்குள் என்ன ஆகிவிடப் போகிறது? டாக்டரிடமே கேட்டேன், ஒரு நிமிடத்தில் ஒன்றும் வித்தியாசம் இல்லைதானே என்று. அவர் வேறு நோயாளியைப் பார்க்கப் போய்விட்டார். கை தட்டி முடித்ததும் எல்லோரும் கலைந்தார்கள். லைட்டை அணைத்தார்கள். பாடை அப்படியே இருந்தது. நிவேதா மானிட்டர் பக்கத்திலிருந்து மைக்கில், "அம்மா, முடிஞ்சிடுச்சும்மா, எந்திரிங்க" என்றாள். "தூங்கிட்டாங்க போல" என்று யாரோ சொல்ல, மறுபடியும் ஒரு சிரிப்பு. "இந்தம்மா பேர் என்ன? யார் கூட வந்தாங்க?" என்று கேட்டாள். மனோகர் அண்ணன் போனில் இருந்தார், "லோக்கல் க்ரவுட்டு மேடம், நம்ம ஆளுதான்" என்று கையைக் காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டார். அங்கே நின்ற கம்பெனி ஆட்கள் யாருக்கும் பேர் தெரியவில்லை. என்னுடன் நின்ற ரிச் பையன்கள் கிளாசைக் கீழே வைத்துவிட்டு நிழலுக்குப் போனார்கள். நான் மட்டும் டேப் ஒட்டின இடத்திலேயே நின்றேன். முகம் தெரிந்தது. உதடு வெள்ளை வெள்ளையாக வெடித்திருந்தது. நெற்றிக் காசு வழுக்கிக் கண் மேல் விழுந்திருந்தது, அவள் எடுக்கவில்லை.

நிவேதா என்னைப் பார்த்தாள். "தம்பி, கோட்டு போட்ட தம்பி, உன்னத்தான். நீதான் கிட்ட இருக்க. அந்தம்மாவ ஒரு கொரல் கூப்புடு" என்றாள்.

இரண்டு தடவை சொன்னாள், மேடம். மைக்கில் சொன்னாள். தோட்டம் முழுக்கக் கேட்டது.

நான் கூப்பிடவில்லை.